வாரத்து எருமையின் சாணம்

புன்மாவின் வயலில் கால் வைத்தால் மெத்தென்று இருக்கும். வடகிழக்குத் தாய்லாந்தில் எங்கள் ரோய் எட் பக்கத்து மண் வெறும் மணல். போட்டதெல்லாம் ஒரு மழையில் கீழே இறங்கிவிடும். இருபத்திரண்டு வருடம் எருமைச் சாணத்தைக் கூடை கூடையாகச் சுமந்துதான் அவள் அந்த மண்ணைக் கறுக்க வைத்தாள். புருஷன் பாங்காக்கில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். பக்கத்து வீட்டுக்காரியான நான் வேலியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர ஒரு கூடை தூக்கிவிட்டதில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

எருமைகள் இரண்டும் அவள் தங்கை புருஷன் தோங்டியுடையவை. புன்மா வாரத்துக்கு வளர்த்தாள். ஒரு கன்று அவனுக்கு, அடுத்தது அவளுக்கு. தன் பங்குக் கன்றுகளை விற்று மகளைப் படிக்க வைத்தாள். சாணம் வளர்ப்பவருக்கு என்பதை எங்கள் ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதுகூட இல்லை.

அப்போதுதான் எரு போட்டு மண்ணில் கார்பன் சேர்க்கும் திட்டம் என்று ஒன்று வந்தது. மாதிரி வயல் தேடி வந்த அதிகாரியம்மா புன்மாவின் வயலில் குழாயை இறக்கி மண்ணெடுத்துப் பார்த்தாள்.

"உங்க மண்ணுல ஏற்கெனவே கார்பன் நெறைய இருக்கும்மா. புதுசா எவ்வளவு சேருதுன்னுதான் நாங்க காட்டணும். எங்களுக்கு வெறும் மணல்தான் வேணும்."

"அப்ப இத்தன வருஷம் நான் சும்மா கெடந்திருக்கணும்கிறீங்க?"

அதிகாரியம்மா சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வருடா வருடம் வைக்கோலைக் கொளுத்திவிட்டுத் தூங்குகிற தோங்டியின் வயலைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு எரு போட வேண்டுமாம். மூன்றாம் நாளே அவன் வந்து நின்றான்.

"அக்கா, எரும என்னுது. அப்ப சாணியும் என்னுதுதானே?"

"இத்தன வருஷம் இது எங்க போச்சு மாப்ள? மூக்கப் பொத்திக்கிட்டுத்தானே இந்தப் பக்கம் வருவ?"

"குடுக்க மனசில்லன்னா விடு. ஓட்டிட்டுப் போறேன். ரெண்டும் கெழடு, இனிமே கன்னு போடாது. கசாப்புக்காரன் கேட்டுக்கிட்டேதான் இருக்கான்."

ஊர்த் தலைவரிடம் போனோம். சாணத்துக்கு வழக்கு கேள்விப்பட்டதே இல்லை என்று அவர் கையை விரித்துவிட்டார்.

எருமைகளை அறுக்கக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. சாணத்தைக் கொடுத்தாள். தோங்டிக்கு இடுப்பு வலியாம்; சுமந்து கொட்டுவதும் அவள் வேலையாயிற்று. முதல் வருடமே அவள் வயலில் நெல் வெளுத்தது. "இந்த வருஷம் மழ சரியில்ல" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

ஐந்தாம் வருடம் இரண்டு வயலிலும் மறுபடி மண்ணெடுத்தார்கள். தோங்டியின் வயலில் கார்பன் ஏறியிருந்தது; புன்மாவினுடையதில் இறங்கியிருந்தது. கோயில் மண்டபத்தில் ஊரைக் கூட்டி, எங்கள் வழக்கப்படி அவன் இடுப்பில் புதுத்துணி கட்டி மரியாதை செய்தார்கள். வெட்கமே இல்லாமல் நிமிர்ந்து நின்றான்.

அதிகாரியம்மா புன்மாவின் தோளில் கை வைத்தாள். "உங்க மண்ணு எறங்கிடுச்சேம்மா. எரு எப்படிப் போடறதுன்னு உங்க தங்கச்சி வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்கங்க."

"சரிங்க" என்றாள் புன்மா.

நான் வாயைத் திறக்கப் போனேன். அவள் என் கையை அழுத்திவிட்டு எழுந்தாள். தொழுவம் அள்ளும் நேரம். அவன் வயலுக்கு இன்னும் நாலு கூடை போக வேண்டியிருந்தது.