நண்டு வளையும் சுண்ணாம்புப் பாறையும்

பம்பாய்க் கடலில், எண்ணெய்க்குத் துளை போடும் ரிக் மேல் இரண்டு வாரம் வேலை, பிறகு இரண்டு வாரம் வெள்ளானூரில் வீடு. குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். என் வேலை என்னவென்று வீட்டில் யாருக்கும் விளங்கியதில்லை. அந்த முறை விளங்கும்படி சொன்னதுதான் வம்பாயிற்று.

"இன்னாடா, இப்டி இளைச்சுப் பூட்டே?" என்று சோறு போட்டபடி அம்மா கேட்டாள்.

"சேறு திரும்பி வரலம்மா. தூக்கமே இல்ல."

துளைக்குள் குழாய் வழியாகச் சேற்றுக் கரைசலை இறக்குவோம். அது பாறைத் தூளை அள்ளிக்கொண்டு மேலே வரவேண்டும். கீழேயுள்ள வாயுவை அமுக்கி வைப்பதும் அதன் கனம்தான். சுண்ணாம்புப் பாறையிலோ தண்ணீர் அரித்த பொந்துகள் இருக்கும். எண்ணெய் தங்குவதும் அவற்றில்தான், கரைசலை விழுங்குவதும் அவைதான்.

"சேறு வரலன்னா?"

"வாயு மேல வரும்."

"வந்தா?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அம்மா கரண்டியைச் சட்டியில் போட்டாள்.

"நீ போவ வாணாம். திருமழிசையில மாமன் கம்பெனில ஆள் எடுக்கறாங்களாம். தெனம் ஊட்டுக்கு வந்துரலாம்."

வயலிலிருந்து வந்த நைனா கால் கழுவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "வரப்புல நண்டு வளை வுழுந்தா தண்ணி பூடுமே, அந்த மாதிரியா?"

"அதேதான் நைனா."

"இன்னா வச்சி அடைக்கிறீங்கோ?"

"நாரு, கொட்டை ஓடு, மைக்காத் தூளு. எது கெடைக்குதோ அது."

"அடைஞ்சுதா?"

"கடைசில அடைஞ்சுது."

"அப்பறம் இன்னாமே? அடைக்கத் தெரிஞ்சிகினுதான கீறான்" என்றார் அம்மாவிடம்.

"ஒன் வரப்பு ஒடைஞ்சா நெல்லுதான்யா பூடும்" என்றாள் அம்மா.

வாயு மீறி வந்தால் துளையின் வாயை மூட இரும்புக் கதவு இருக்கிறது என்று நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எப்போதும் என் பையை அடுக்குகிறவள், ஒரு சட்டையைக்கூட மடித்து வைக்கவில்லை. கொல்லையில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். அவள் சரியென்று சொல்லாமல் எப்படிக் கிளம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

கிளம்ப வேண்டிய காலையில் பார்த்தால், பை கட்டிக் கதவோரம் இருந்தது. பக்கத்தில் ஒரு துணி மூட்டை. தேங்காய் நார், தட்டி வெயிலில் காயவைத்தது.

"கெடைக்கறதப் போடுவோம்னியே. மொதல்ல இத்தப் போடு" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

பம்பாயில் ஹெலிகாப்டர் ஏறுமுன் சாமான்களை எடை போட்டார்கள். கனம் கூடுதல், எதையாவது குறை என்றார்கள். நான் இரண்டு சட்டைகளை எடுத்துவிட்டேன்.