மூணாவது கோல்டு ஃபிஷ்

இன்னைக்குக் கலர் மீன் கடையைத் திறந்ததுமே அந்த அரிமளத்து அக்கா வந்துட்டாங்க. புது வீட்டு ஹால்ல, சின்னக் கண்ணாடி பவுல்ல கோல்டு ஃபிஷ் வளர்க்குறவங்க.

"அந்த மீனும் செத்துப்போச்சும்மா. இன்னொண்ணு குடு."

முகத்துல வருத்தமே இல்ல. வீட்டு மேல விழுந்த கண்திருஷ்டியை மீன் வாங்கிக்கிச்சாம். ரெண்டாவது மீன் இது.

"பவுல் பத்தாதுக்கா, மூணடித் தொட்டி வேணும்"னு மொத நாள் சொன்னதையே சொன்னேன்.

"அம்புட்டுப் பெருசை எங்கிட்டு வைக்கிறது? ஹால் அடைஞ்சு போயிரும்."

அந்த ஹால்ல என் கடை மாதிரி ரெண்டு கடை வைக்கலாம். பவுல் குடுக்கப் போனப்போ பார்த்திருக்கேன்.

தொணைக்கு வரி போட்ட டைகர் பார்ப் ரெண்டு கேட்டாங்க. அது கோல்டு ஃபிஷ் வாலைக் கடிச்சே கொன்னுரும்னேன்.

"அப்படிப் போனாலும் திருஷ்டி கழிஞ்ச மாதிரிதானே."

டைகர் பார்ப் தர மாட்டேன்னுட்டேன். ஆனா கோல்டு ஃபிஷ்ஷைக் கவர்ல போட்டுக் குடுத்துட்டேன். நான் குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்கிருவாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

படி எறங்குறப்போ திரும்பிப் பார்த்து, "ஒனக்குக் கைராசிம்மா. ஒங்கிட்ட வாங்குனா ஒடனே பலிக்குது"ன்னாங்க.

இந்தப் பாராட்டை நான் எங்க மாட்டி வைக்கட்டும், சொல்லுங்க.