மலைக்காற்றுக்குக் கட்டிய இஞ்சின்

லிந்துலையில் தேயிலைக் கொழுந்து லொறி மக்கர் பண்ணினால் வினோஜனைத்தான் தேடுவார்கள். அக்கரப்பத்தனைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கராஜ் எண்ணெயிலேயே முப்பது வயதைத் தாண்டியவன். மலைப்பாதைக் கார்ப் போட்டிக்கு வந்த குகநேசனுடைய ஃபோர்முலா கார் ஒருமுறை வழியில் நின்றுபோக, இவன்தான் கிளப்பிவிட்டான். அன்று பிடித்த பைத்தியம்! குகநேசன் காரை அவனிடமே விட, நூற்று நாற்பது குதிரைவலு இருந்த அதன் இஞ்சினைத் தட்டிக்கொட்டி நூற்று அறுபதுக்குக் கொண்டுவந்தான்.

"எம்பேராவது ஞாபகம் இருக்கா?" என்று அவன் மனைவி ஜீவராணி கேட்பாள். கொழுந்துக்கூடையை இறக்கிவிட்டு, அட்டைக்கடியில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே கேட்பாள். அவனுக்கும் அந்தக் கூடையை அவள் தலையிலிருந்து இறக்கிவிட ஆசைதான். அடுத்து வரும் கடலோரப் போட்டியில் கார் நன்றாக ஓடினால், கொழும்பில் தன் இஞ்சின் வேலை முழுக்க அவனுக்கே என்று குகநேசன் சொல்லியிருந்தார்.

மலையில் காற்று மெலிசு. காற்றுக்குத் தக்கபடி பெட்ரோலையும் குறைக்க வேண்டும். அதற்காகக் காபரேட்டரில் சின்னத் துளையுள்ள ஜெட்டைப் போட்டே இத்தனை நாளும் ஓட்டிப் பார்த்தான். காற்று கனத்த கடலோரத்துக்குப் போனால் பெரிய ஜெட் மாற்ற வேண்டும் என்பது தெரியாதவனா? வாங்கியும் வைத்திருந்தான். ஆனால் பிறந்ததிலிருந்து மலைக்காற்றையே இழுத்தவனுக்குக் காற்று என்றால் அது ஒன்றுதான். மாற்றும் நினைவே வராமல், போட்ட ஜெட்டோடு காரை லொறியில் ஏற்றிவிட்டான்.

கடலோரத்தில், பயிற்சி ஓட்டத்தில் இஞ்சின் சத்தம் கூர்மையாகப் பாடியது. சுற்றி நின்றவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். அவனுக்கும் தலைகால் புரியவில்லை. பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தான். பால் கலக்காத பிளேன்டீ நிறத்தில் இருக்க வேண்டிய நுனி, வெள்ளை வெளேரென்று வெந்துபோயிருந்தது. பெட்ரோல் போதவில்லை, இப்படியே விரட்டினால் பிஸ்டன் உருகிவிடும். பெரிய ஜெட்டோ லிந்துலையில், கராஜ் மேசைமேல் கிடக்கிறது.

குகநேசன் தலைக்கவசத்தோடு வந்தார். "என்ன வினோஜன், இஞ்சின் ரெடியோ?"

ஓட வேண்டாம் என்ற வார்த்தை வாய்வரை வந்தது. சொன்னால் போட்டியும் போச்சு, கொழும்பும் போச்சு.

"ரெடிங்க சார்."

சாமியெல்லாம் கும்பிட்டான். போட்டியில் மூன்று சுற்று தாங்கியது. நான்காவதில் நேர்ப்பாதையில் ஒரு வெடிச்சத்தம். பின்சக்கரத்தில் எண்ணெய் சிதற, கார் சுழன்று போய் டயர்ச் சுவரில் மோதியது.

வினோஜன் ஓடினான். குகநேசனை வெளியே தூக்கிப் படுக்க வைத்திருந்தார்கள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கோணிக் கிடந்தது. அவனைக் கண்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறை நினைக்காதையும், வினோஜன். நான்தான் அளவுக்கு மிஞ்சி மிதிச்சுப்போட்டன். உம்மட இஞ்சினை அநியாயமாக்கிப்போட்டன்."

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தன்மீதே அவனுக்கு அருவருப்பு வந்தது.

"அடுத்ததையும் நீர்தான் கட்டவேணும். கொழும்புக்கு வந்திடும்."

"சரிங்க சார்," என்றான் வினோஜன்.