பந்தய ஞாயிறு யாருக்கு விடுமுறை?

பிப்ரவரி வந்துவிட்டால் யாசுயே சானுக்கு எதிரே நின்று விரிப்பு மடிப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஜப்பானின் சுசுகா நகரத்தில், ஓட்டல் துணிகளை வெளுத்துத் தரும் ஆலையில் நாங்கள் வேலை செய்கிறோம். தேய்க்கும் உருளையிலிருந்து விரிப்பு ஆவி பறக்க வெளியே வரும். ஒரு பக்கத்து முனைகளை அவர் பிடிப்பார், மறுபக்கத்தை நான். நான்கு மடிப்பு. ஒரு விரிப்புக்கு ஒரு செய்தி வீதம் ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவார்.

"இந்த வருஷம் எல்லாமே புதுசு, மினே சான். கார் சின்னதாகுது, எடை குறையுது. பாதி சக்தி பேட்டரியிலேர்ந்து. முன்னாடி இறக்கையும் திறக்குமாம், பின்னாடி இறக்கையும் திறக்குமாம்."

"அது காரா, கொக்கா?" என்று துண்டு அடுக்கும் மேசையிலிருந்து ஹாட்சுமி சான் கேட்பார்.

"சிரிங்க, சிரிங்க. ரைமோ இந்த வருஷம் மேடையேறும்போது தெரியும்."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷம் காரு சரியில்ல!"

"அதுக்கு முந்தின வருஷம்?"

"அப்ப டயரு!"

ரைமோ என்பவர் ஃபின்லாந்துக்காரர். நடுவரிசை அணி ஒன்றில் ஐந்து வருடங்களாக ஓட்டுகிறார். ஒரு முறைகூட முதல் மூன்றில் வந்ததில்லை. அவரைத் திட்டும் உரிமை யாசுயே சானுக்கு மட்டும்தான் உண்டு. வேறு யாராவது ஒரு வார்த்தை சொன்னால் அன்று முழுவதும் விரிப்பின் முனை வெடுக்கென்று இழுபடும்.

யாசுயே சானுக்கு வயது ஐம்பத்தேழு. இந்த ஆலையில் இருபத்து மூன்று வருடம். முன்கைகளில் உருளை சுட்ட தழும்புகள். கணவர் கடற்பாசிப் படகு வைத்திருக்கிறார்; கரைக்கு வந்த பிறகும் இஞ்சின் சத்தம் கேட்பானேன் என்கிற மனிதர். வீட்டில் பேச ஆள் இல்லாததால்தான் எல்லாம் எங்கள் காதில் வந்து விழுகிறது.

பந்தயப் பாதை ஆலையிலிருந்து மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் சத்தம் தெளிவாகக் கேட்கும். யாசுயே சான் விரிப்பைப் பிடித்தபடியே தலையைச் சாய்த்து, "இப்ப பாலத்துக்கு அடியில போறான்... இப்ப டயர் மாத்த உள்ள வந்துட்டான்" என்பார். அவ்வளவு தெரிந்தவர் ஒரு பந்தயத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை. பந்தய வாரம்தான் எங்களுக்கு உயிர் போகிற வாரம். சுற்றுவட்டாரத்தில் ஒரு ஓட்டல் அறை காலியாக இருக்காது. அத்தனை விரிப்பும் எங்களிடம்தான் வரும். வருடங்களுக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் பயிற்சி ஓட்டம் பார்க்கப் போனார். மழை. மூன்று மணி நேரம் குடைக்கடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு காரையும் பார்க்காமல் சளியோடு திரும்பினார்.

இந்த வருடம் ஆலைக்குத் துண்டு மடிக்கும் இயந்திரம் ஒன்று வந்தது; ஒரு ஆள் குறைந்தாலும் சமாளிக்கலாம். பிப்ரவரி தொடக்கத்தில் பொறுப்பாளர் தோயாமா சான் எங்கள் மூவரையும் கூப்பிட்டார்.

"மார்ச் கடைசி ஞாயிறு, பந்தயத்தன்னைக்கு, உங்கள்ல ஒருத்தருக்கு விடுமுறை தரலாம். யாருன்னு உங்களுக்குள்ளயே பேசி முடிவு பண்ணி, விருப்பத் தாள்ல பேரை எழுதிடுங்க. மாசக் கடைசிக்குள்ள."

யாசுயே சானின் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். இதைவிட எளிதான காரியம் உலகத்தில் உண்டா? பந்தயத்துக்காக ஏங்குகிறவர் ஒருவர். பெயரை எழுத வேண்டியதுதான். ஆனால் நாங்கள் மூன்று பேரும் எப்படிப்பட்டவர்கள் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

"ஹாட்சுமி சான், நீங்க எடுத்துக்கங்க. பையனுக்கு பேஸ்பால் ஆட்டம் இருக்குமே," என்றார் யாசுயே சான்.

"ஐயையோ, அவன் ஆட்டத்த நான் எத்தனையோ பாத்தாச்சு. நீங்கதான் மூத்தவங்க. நீங்க எடுத்துக்கங்க."

"மூத்தவங்கங்கிறதுக்காக நான் எடுத்தா நல்லாவா இருக்கும்? மினே சான் எடுக்கட்டும். வந்ததிலேர்ந்து ஒரு ஞாயிறுகூட எடுத்ததில்ல."

"எனக்கெல்லாம் வேண்டாம். நீங்க யாராவது..." என்றேன் நான்.

எனக்கு உண்மையிலேயே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போக எனக்கு இடமும் கிடையாது. அதையாவது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். நான் சொன்ன விதத்தில் எனக்கும் ஆசை இருக்கிறது, அடக்கிக்கொள்கிறேன் என்று அவர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாளும் இதே பேச்சு. மறுவாரமும் இதே. ஒருவர் "நீங்க" என்றால் மற்றவர் "நீங்க" என்பார். மூன்று பேரும் தலை குனிந்து, கை அசைத்து, பின்வாங்கினோம்; தாள் வெள்ளையாகவே சுவரில் தொங்கியது. இரண்டு முறை மறுத்து மூன்றாவது முறை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மூன்றாவது முறை எது என்பதில் குழப்பம். யாசுயே சான் ஒப்புக்கொள்ள வாயெடுத்த சமயத்தில் உருளை சிக்கிக்கொண்டது. அதைச் சரிசெய்து திரும்பியபோது அந்தச் சுற்றே முடிந்துபோயிருந்தது. பேச்சை முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில், யாசுயே சான் மதிய உணவுப் பெட்டியை எடுக்க அலமாரியைத் திறந்தபோது, கதவின் உட்பக்கத்தில் ஒரு டிக்கெட் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் வளைவு இருக்கை. அவர் சட்டென்று கதவை மூடினார். டிக்கெட் இருப்பதைச் சொன்னால் மற்றவர்களை நெருக்குவதாகிவிடும் என்று மறைக்கிறார் என்பது புரிந்தது. நானும் பார்க்காததுபோல் இருந்தேன். அதுவும் மரியாதைதானாம். இந்த மரியாதையைத் தூக்கி ஆவி உருளைக்குள் போட வேண்டும்.

மார்ச் இரண்டாம் தேதி வேலை அட்டவணை ஒட்டப்பட்டது. பந்தய ஞாயிறு அன்று எங்கள் மூவருக்கும் வேலை. விடுமுறைக் கட்டத்தில் தோயாமா சானின் பெயர்.

"யாருக்கும் வேண்டாம்போல இருந்துச்சு. வீணாப் போக வேண்டாமேன்னு நானே எடுத்துக்கிட்டேன். மாமனார் வீட்டுக்குப் போய் ரொம்ப நாளாச்சு," என்று சிரித்தார்.

"நல்லது, நல்லது. போய்ட்டு வாங்க," என்று யாசுயே சானும் சிரித்தார்.

அன்று காலை அவர் ரைமோவைப் பற்றிப் பேசவில்லை. புதுக் காரைப் பற்றிப் பேசவில்லை. முதல் பந்தயத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. விரிப்புகளை ஐந்தாக மடித்தார். பத்து விரிப்பு அப்படிப் போன பிறகு ஹாட்சுமி சான் மேசையை விட்டு வந்தார்.

"உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

நான் விரிப்பைக் கீழே வைத்தேன். "டிக்கெட் இருக்கு," என்றேன். "அலமாரில. ஞாயித்துக்கிழமைக்கு."

ஹாட்சுமி சான் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"டிக்கெட்டா? டிக்கெட்ட வச்சுக்கிட்டா ஒரு மாசமா என்னை எடுத்துக்க எடுத்துக்கன்னீங்க? வாயில என்ன மோச்சி அரிசி உருண்டை ஒட்டிக்கிட்டிருந்துச்சா?"

"இல்ல, உங்க பையன்..."

"என் பையன் மாத்தாட்டக்காரன்! பெஞ்சில உக்காந்திருப்பான். அதப் பாக்கவா எனக்கு லீவு? நீங்க வருந்தக் கூடாதேன்னு சும்மா பேசிக்கிட்டிருந்தேன்."

"நானும் நீங்க வருந்தக் கூடாதேன்னுதான்..."

"அடக் கடவுளே!"

அப்போதுதான் மிச்சமும் வெளியே வந்தது. இது முதல் டிக்கெட் இல்லை, ஏழாவது. ஒவ்வொரு வருடமும் எப்படியாவது ஒரு வழி பிறக்கும் என்று வாங்குகிறார். ஒவ்வொரு வருடமும் சனிக்கிழமை மாலை அக்கா மகனிடம் கொடுத்துவிடுகிறார். அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, தூரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று குறை சொல்கிறான்.

"ஏழா?" என்றார் ஹாட்சுமி சான். கையிலிருந்த துண்டைத் தரையில் எறிந்தார். "வாங்க."

தோயாமா சானின் அறைக்கு மூன்று பேரும் போனோம். ஹாட்சுமி சான் கதவைத் தட்டிவிட்டு யாசுயே சானை முன்னால் தள்ளினார். அவர் குனிந்து வணங்கினார். நிமிர்ந்தார். மறுபடி வணங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.

"எனக்கு வேணும்," என்றார் கடைசியில். "அந்த ஞாயிறு எனக்கு வேணும். இருபத்து மூணு வருஷமா அந்தச் சத்தத்தக் காதால மட்டும் கேட்டுக்கிட்டிருக்கேன். ஒரு தடவை கண்ணால பாக்கணும்."

தோயாமா சான் பேனாவைக் கீழே வைத்தார். "இத ஏன் தாள்ல எழுதல? ஒரு மாசம் தொங்கிச்சே!"

"அவங்க ரெண்டு பேரும் இருக்கும்போது எப்படி நானா..."

"நானும் தினமும் அந்தத் தாளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்! ஒரு எழுத்து இல்ல!"

முடியாது என்று சொல்லப்போகிறவர்போல் அவர் பற்களுக்கிடையில் காற்றை உறிஞ்சியபடி அட்டவணையைப் பார்த்தார். எனக்கு நம்பிக்கை போயிற்று. பிறகு தன் பெயரை அழித்து யாசுயே சானின் பெயரை எழுதினார்.

"நான் வேலைக்கு வந்துடறேன். நீங்க போங்க."

யாசுயே சானின் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது. கையை அசைக்கத் தொடங்கினார்.

"ஐயோ, அப்ப உங்க மாமனார் வீடு? எனக்காக அத விடுறதா? வேண்டாம், வேண்டாம், அடுத்த வருஷம்கூட..."

ஹாட்சுமி சான் பின்னாலிருந்து அவருடைய ஏப்ரன் முடிச்சைப் பிடித்து இழுத்தார்.

"நன்றின்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வந்துச்சு, பாத்துக்கங்க."

"நன்றி," என்றார் யாசுயே சான்.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். நான்கு அடி நடந்திருப்போம்.

"கேட்டிருக்கக் கூடாதோ? பாவம், அவரும் எவ்வளவு நாளா..." என்று யாசுயே சான் திரும்பினார். மறுபடி கதவைத் தட்ட நீண்ட கையை நான் பிடித்துக்கொண்டேன். மறு கையை ஹாட்சுமி சான் பிடித்தார். இருவருமாக அவரை உருளை வரைக்கும் இழுத்துக்கொண்டு போனோம்.