மாலை போட்ட ஜெனரேட்டர்

டீசல் வாடை, கருகிய ரப்பர், கூடவே மல்லிகை... இந்த மூன்றும் கலந்த வாசனையை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கூசும்.

எண்பதுகளின் நடுப்பகுதி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்பெனியில் நான் ஜெனரேட்டர் டெக்னீஷியன். ஷா ஆலம் தொழிற்சாலைகள், கிள்ளான் கல்யாண மண்டபங்கள் என்று கம்பெனி வேனில் சுற்றிக்கொண்டே இருப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டு வேட்டி. கிள்ளானில் ஓர் உறவினர் கல்யாணம். உண்மையில் எனக்குப் பெண் பார்க்கத்தான் போனோம். அப்போதெல்லாம் பிறர் கல்யாணத்தில் வைத்துச் சாடையாகப் பார்த்துக்கொள்வார்கள். ஒத்துவராவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இருக்காது.

பெண் பெயர் கமலா. முன்வரிசையில் இருந்தவள் ஒருமுறை திரும்பினாள். எனக்குப் பிடித்துவிட்டது.

அவள் அப்பா கேரித் தீவில் தோட்டத்துக் கிராணி, ஆபீஸில் கணக்கெழுதுபவர். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி எஞ்சினியராமே?"

"ஆமாங்கண்ணே, பெரிய பெரிய மிஷினெல்லாம் இவந்தான்," என்று அம்மா முந்திக்கொண்டார்.

நான் சிரித்தேன்... அவ்வளவுதான்.

தாலி கட்டும் நேரத்துக்குச் சற்று முன் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் முனியாண்டி அண்ணன் பதறிக்கொண்டு வந்தார். அங்கே சர்வீஸ் செய்பவன் நான்தான். என்னைக் கண்டதும் அவர் முகமெல்லாம் பல்.

"அட, நம்ம மெக்கானிக் இங்கதான் இருக்காரு! எந்திரிங்க பாஸ், வேட்டிய மடிச்சுக் கட்டுங்க லா!"

அத்தனை தலைகளும் திரும்பின. கமலாவும்.

பின்கட்டு அறையில் எஞ்சின் கொதித்துக் கிடந்தது. விசிறி பெல்ட் கழன்று, அதில் பூவும் நாருமாய்ச் சுற்றியிருந்தது.

"என்னண்ணே இது?"

"முகூர்த்தம் நல்லபடியா நடக்கணும்னு காலையில மாலை போட்டேன் பாஸ்."

"எஞ்சினுக்கா?"

"மாப்பிள்ளைக்கு மட்டும் போட்டா போதுமா? இன்னிக்கு ஒழைக்கப்போறது இதுதானே!"

நாரை அறுத்தெடுத்து, பெல்ட்டை மாட்டி, சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றி ஓடவிட்டேன். நிமிர்ந்தால் வாசலில் கமலாவின் அப்பா. என் வேட்டியெல்லாம் கறுப்பு எண்ணெய்.

"கைய கழுவிட்டு வாங்க தம்பி," என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கழுவிவிட்டு வந்தபோது கமலா வீட்டார் போயிருந்தார்கள்.

ஒரு வாரம் கழித்துத் தரகர் வந்தார். "வேலையில கொறை ஒண்ணுமில்லங்க. அவரு மச்சானே லோரிதான் ஓட்டுறாரு. பக்கத்துல ஒக்காந்து கேட்டும் வாயத் தொறக்காத பையன் வேணாம்னுட்டாரு."

அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு மூடிக்கொள்ள ஒன்றுமில்லை.

இப்போது மண்டபங்களில் கரண்ட் போவதும் தெரிவதில்லை, ஜெனரேட்டர் ஓடுவதும் தெரிவதில்லை. வரன்கள் வாட்ஸ்அப்பில் வருகின்றன... படிப்பு, பதவி, எல்லாம் அழகாக அச்சடித்து.

என் மகளுக்கு வரன் பார்க்கிறோம். பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் பையனை மட்டும் முனைக்கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப்போவேன். என்ன வேலை என்று கேட்பதில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று காத்திருப்பேன். சிலர் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறார்கள்.

சிலருக்கு இன்னொரு டீ சொல்கிறேன்.