துரு ஏறாத ஆணிகள்

என் மேசை இழுப்பறையில் ஒரு சின்னத் தகர டப்பி இருக்கிறது. அதற்குள் எண்ணெய்த் துணியில் சுற்றிய இரண்டு இரும்பாணிகள். மூன்றாக இருந்தவை. தேய்த்து மினுக்கப்பட்டு என் கைக்கு வந்தவை. டென்மார்க்கின் ஈரக் காற்று இத்தனை வருடத்தில் என் முழங்கால்களை இறுக்கிவிட்டது, தலைமயிரைக் கொண்டு போய்விட்டது, காரின் அடிப்பக்கத்தை இரண்டு முறை தின்றுவிட்டது. இந்த ஆணிகளில் மட்டும் ஒரு பொட்டுத் துரு இல்லை. அவை அப்படி மினுங்குவதுதான் எனக்கு வெட்கம்.

அவற்றைத் தந்தவர் எங்கள் போர்மன், அதாவது வேலையை மேற்பார்ப்பவர். கிரின்ஸ்டெட்டில் ஓர் இறைச்சித் தொழிற்சாலையின் உப்பறையில் இருபது வருடம் அவருக்குக் கீழே வேலை செய்தேன். கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்தவன், பன்றித் தொடைக்கு உப்புநீர் ஏற்றினேன். முருகன் பார்த்திருப்பார். டேனிஷ் தெரியாமல் வந்திருந்தால் அவருக்கும் இந்த வேலைதான் கிடைத்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொள்வேன். வேலை முடிகிற நேரம் உப்புப் பட்ட இரும்பையெல்லாம் சுடுதண்ணீர் பீச்சிக் கழுவ வேண்டும். எண்ணெய் பூசுவது அதற்குப் பிறகுதான். உப்பு எண்ணெய்க்கு அசையாது, தண்ணீரோடுதான் போகும். இருபது வருடம் ஒவ்வொரு நாளும் என் கையால் செய்த வேலை இது.

சின்ன ஊர்களில் ஏதாவது ஒரு சங்கத்தில் இல்லாதவனை ஆளாக எண்ண மாட்டார்கள். கால்பந்துக்கு என் மூச்சுக் காணாது. பாட்டுக் குழுவில் ஒரு மாலை பாடினேன். அவர்கள் மிகவும் மரியாதையாக, வேறு சங்கங்களும் உண்டு என்றார்கள். போர்மன் என்னைத் துவக்குச் சுடும் கிளப்புக்குக் கூட்டிப் போனார். அன்று வீட்டில் நடந்ததுதான் உண்மையான சூடு.

“இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரே? அங்கை வெடிச் சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். இங்கை காசு கட்டிக் கேக்கப் போறியளோ?” என்றாள் மனைவி.

அப்படியும் போனேன். என் குண்டுகள் பெரும்பாலும் ஜூட்லாந்து மண்ணைத்தான் காயப்படுத்தின. சுடுவதற்காக நான் போகவில்லை என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஞாயிறு காலைகளில் போர்மனின் பழைய இராணுவத் துவக்கில் இருவரும் மாறி மாறிச் சுட்டுவிட்டு, பிளாஸ்கில் இருந்து கோப்பி குடிப்போம். பிறகு அவர் துவக்கைத் துடைப்பார். குழலுக்குள் துணியை விட்டு இழுத்து, எண்ணெய் விட்டு, திரும்ப இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்ப்பார். குளிப்பாட்டிய பிள்ளையின் காதுக்குள் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

துவக்குக்குப் போடும் புதிய ரவைகள் நல்ல விலை. ஓல்போர்க்கில் ஒரு கடையில், எந்தப் படையோ கழித்துவிட்ட பழைய ரவைகள் தகரப் பெட்டியோடு பாதி விலைக்குக் கிடந்தன. பாதி விலை என்ற சொல்லுக்கு முன்னால் யாழ்ப்பாணத்தான் நிதானமாக நின்றதாகச் சரித்திரம் இல்லை. போர்மன் ஒரு ரவையைத் திருப்பி அடியைப் பார்த்தார். அங்கே இருக்கிற சின்ன மூடிதான் பிரைமர்; ஊசி தட்டியதும் முதலில் பற்றுவது அதற்குள் இருக்கும் மருந்து. பழைய இராணுவச் சரக்கில் அந்த மருந்து எரிந்த பிறகு உப்பை விட்டுப் போகும். அது ஈரத்தை இழுத்துக் குழலைத் தின்னும். இது அந்த வகையா என்று கடைக்காரரிடம் கேட்டார். “இல்லை என்று நினைக்கிறேன். சத்தியம் பண்ண மாட்டேன்” என்றார் கடைக்காரர்.

“இல்லையெண்டு சொல்லிறார்தானே, எடுப்பம்” என்றேன் நான். முதல் பாதி மட்டும் என் காதில் விழுந்திருந்தது.

ரவைகளை வாங்கிக்கொண்டு வரும் வழியில், மூன்று ஆணிகள் கிடந்த அந்தத் தகர டப்பியைப் போர்மன் என் மடியில் வைத்தார். அவர் டேனிஷில் சொன்னது என் நினைவில் என் தமிழிலேயே கிடக்கிறது. “புதன்கிழமை கிளப்பைத் திறந்து கூட்டுறது உன்ரை முறை. ஒரு ரவையிலை குண்டைக் கழட்டி உள்ளை இருக்கிற வெடிமருந்தைக் கொட்டிப்போட்டு, வெறும் பிரைமரை இந்த ஆணியளுக்கு நேரை சுடு. ஈரத்துணியோடை ரெண்டு மூண்டு நாள் வை. துரு ஏறினால் உப்பு. உப்பெண்டாலும் பறவாயில்லை, சுடுதண்ணி ஊத்திக் கழுவலாம். தெரியாமல் இருக்கிறதுதான் பிழை.” தன் கண்ணுக்கு இப்போது சின்ன வேலைகள் பிடிபடுவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார். அதை நான் ஒரு பேச்சாகத்தான் எடுத்தேன்.

அந்தப் புதன்கிழமை இரண்டு பேரின் வேலையை ஒருவனாகச் செய்துவிட்டுக் கிளப்புக்குப் போனேன். கூட்டினேன். ஐந்து நிமிடம் என்று கதிரையில் இருந்தேன். விழித்தபோது மனைவி கைபேசியில் ஏழு தடவை கூப்பிட்டிருந்தாள். ஆணிகள் என் சட்டைப்பையிலேயே இருந்தன. நாளைக்குச் செய்யலாம் என்று வீட்டுக்குப் போனேன். வியாழன் போனது, வெள்ளி போனது.

ஞாயிறு போர்மன் கேட்டார்: “சோதிச்சனியோ?”

“ஓம். துருவே இல்லை” என்று டப்பியை நீட்டினேன்.

சுட்ட ஆணியென்றால் புகைக்கறை இருக்க வேண்டும். இது மினுங்குகிறதே என்று கேட்பார், கேட்டதும் சிரித்துச் சமாளிக்கலாம் என்று ஒரு நகைச்சுவையும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் ஆணிகளைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவினார். “வழுவழுப்பாய்த்தான் இருக்கு” என்று திருப்பித் தந்தார். கிட்ட இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. வாய் திறக்க அது சரியான நேரம். நான் கோப்பி ஊற்றினேன்.

அன்று நிறையச் சுட்டோம். அவர் வழக்கம்போல எண்ணெயால் துடைத்துப் பூட்டி வைத்தார். அடுத்த மூன்று கிழமை, இருபத்தொரு நாளும், தொழிற்சாலைக்குக் கோடை விடுமுறை. ஊரே பூட்டிக் கிடக்க, மழை மட்டும் விடுமுறை எடுக்காமல் பெய்தது. ஓகஸ்டில் போர்மன் குழலுக்குள் துணியை விட்டு இழுத்தபோது அது செம்மஞ்சளாக வந்தது. இன்னொரு துணி. அதுவும் அப்படியே. குழலை என்னிடம் தந்து பார்க்கச் சொன்னார். உள்ளே அம்மைத் தழும்பு போலப் பள்ளம் பள்ளமாக இருந்தது.

“ரவையிலை பிழை இல்லை, நீ சோதிச்சனி. நான்தான் சரியாத் துடைக்கேல்லை. கண் போட்டுது, இப்ப கையும் போகுது” என்றார்.

எனக்கு வாயால்தான் பிழைப்பு. எந்தச் சாவீட்டிலும் ஒரு பகிடி விட்டுவிடுவேன். அன்று அந்தச் செம்மஞ்சள் துணிகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். அடுத்த கிழமை அவர் கிளப்புச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். துவக்கைத் துடைக்கத் தெரியாதவன் அதைத் தொடக்கூடாது என்று சொன்னாராம். பிறகு உப்பறையிலும் தான் பூட்டிய குழாயைத் திரும்பப் போய்த் தொட்டுப் பார்க்கத் தொடங்கினார். இரண்டு முறை, மூன்று முறை. அடுத்த வருடம் நேரத்தோடு ஓய்வு எடுத்துக்கொண்டார். பிரிவு விருந்தில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். சிரிக்க வைத்தேன்.

இப்போது நாங்கள் ஹோர்சன்ஸில் இருக்கிறோம். போர்மனும் மகளுக்குப் பக்கமாக இந்த ஊர் முதியோர் இல்லத்துக்கு வந்துவிட்டார். என் மனைவி அங்கேதான் வேலை செய்கிறாள். அவருக்குக் காலையில் உடுப்பு மாற்றிவிடுவது அவள்தான். “உந்த மனுசன் சட்டைப் பொத்தானைப் பூட்டிப்போட்டு, சரியோ சரியோ எண்டு பத்துத்தரம் கேக்குது. பாவமாக் கிடக்கு” என்று ஒருநாள் சொன்னாள். அந்த ஞாயிறே டப்பியை எடுத்துக்கொண்டு போனேன்.

“அந்த ஆணியளை நான் சுடவே இல்லை. சோதிக்காமல் பொய் சொன்னனான்” என்றேன்.

அவர் கையை நீட்டினார். மூன்றையும் அன்று போலவே பெருவிரலால் தடவினார்.

“அப்ப என்ரை கை சரியாத்தான் துடைச்சதோ?”

“ஓம். எண்ணெயிலை ஒரு பிழையும் இல்லை. அது உப்பு. தண்ணி வேணும்.”

“உப்பறையிலை இருபது வருசம் நிண்டனி. கழுதை!” என்றார்.

மன்னித்ததாகச் சொல்லவில்லை. கேட்காததை டேனிஷ்காரர் பரிமாற மாட்டார்கள்; கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை. இரண்டு ஆணிகளைத் திருப்பித் தந்துவிட்டு, ஒன்றைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அதன் நுனிக்கு என் மனைவி பிளாஸ்டர் சுற்றியிருக்கிறாள். ஒவ்வொரு காலையும் பழைய சட்டையிலிருந்து எடுத்துப் புதிய சட்டையில் போட வேண்டும். மறந்தால் அவர் சட்டை போடக் கையைத் தூக்க மாட்டாராம். “நீங்கள் ஒருநாள் நித்திரை கொண்டதுக்கு நான் ஒவ்வொரு நாளும் ஆணி மாத்திறன்” என்கிறாள். பொத்தானைப் பற்றி இப்போது இரண்டு தரம்தான் கேட்கிறாராம்.

நேற்று இன்னொன்றும் சொன்னாள். நாள் முழுக்க அதைத் தடவிக்கொண்டே இருப்பதில், கைவேர்வை பட்டு, அந்த ஆணி பழுப்பேறத் தொடங்கிவிட்டதாம். நான் போய் இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். என்னிடம் இருக்கிற இரண்டும் இன்னும் மினுங்குகின்றன.