பதினான்காம் கேள்விக்குச் சவரிநாதன் எழுதிய பதில்

திருச்சியில் அரசு வானொலி நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்த சவரிநாதனுக்கு ரேடியோவைப் பற்றித் தெரிந்தது இரண்டே விஷயம். இடது பக்கத் திருகைத் திருப்பினால் பேசும். மறுபடி திருப்பினால் பேசாது. அவர் பொறியியல் பிரிவில் குமாஸ்தா. அலைகளை அனுப்புவது மற்றவர்கள் வேலை. அவர் கடிதங்களை அனுப்பினார். அலைகள் அந்த நொடியே போய்ச் சேர்ந்தன. கடிதங்கள் அப்படி இல்லை.

வீடு புத்தூரில். பக்கத்துக் கட்டிடம் மருதையின் வெல்டிங் பட்டறை. மருதை நல்ல மனுஷன். ஆனால் அவருக்கு வேலை சூடு பிடிப்பது சாயங்காலம் ஏழு மணிக்குத்தான். நாடகம் ஒலிபரப்பாகும் நேரமும் அதுதான். அங்கே நீல வெளிச்சம் பளிச்சிட்டால் இங்கே ரேடியோவுக்குள் அப்பளம் பொரியும்.

1979இல் ஒரு சனிக்கிழமை. எட்டு வாரமாக ஓடிய துப்பறியும் நாடகத்தின் கடைசிப் பகுதி. சவரிநாதனின் மனைவி சகாயம்மாள் ஆறரைக்கே சமையலை முடித்துவிட்டு, ரேடியோவுக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். துப்பறிபவர் தொண்டையைச் செருமினார்.

"ஜமீன்தாரைக் கொன்றது வேறு யாருமில்லை. இதோ, இங்கே நிற்கும்..."

அவ்வளவுதான். மருதை ஒரு கேட்டுக்குக் கீல் வைக்க ஆரம்பித்தார். கீல் பிடித்துக்கொண்டபோது நாடகம் முடிந்து வீணை வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருங்க கொன்னது?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"உங்க ஆபீசுதானே?"

"நாடகம் வேற செக்‌ஷன்."

"விசாரிச்சிட்டு வாங்க. ஒரே கட்டிடந்தானே."

திங்கட்கிழமை அவர் நாடகப் பிரிவுக்குப் போய் விசாரித்தார். கதையை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, மறுஒலிபரப்பு வரும், கேட்டுக்கொள்ளுங்கள் என்றார்கள். மறுஒலிபரப்பு வந்தது. அன்றைக்கு மருதைக்கு இரண்டு கேட்டு.

இந்தத் துயரத்தை அவர் பொறியாளர் வெள்ளைச்சாமியிடம் சொன்னார். வெள்ளைச்சாமி அப்போதுதான் சென்னையில் பயிற்சி முடித்துத் திரும்பியிருந்தார்.

"இப்ப நாம அனுப்புறது ஏ.எம்., சவரி. வழியில எது பொரிஞ்சாலும் அதுவும் கூடவே வந்து ஏறிக்கும். எஃப்.எம்.முக்கு மாத்திட்டோம்னா அந்தத் தொல்லையே இல்ல. பக்கத்துலயே பட்டறை வெச்சுக்கலாம்."

"மாத்துறதுக்கு என்ன சார் வேணும்?"

"டில்லி அனுமதி. புது டவர் போடணுமில்ல, ஏரோப்ளேனுக்கு இடைஞ்சல் இல்லேன்னு ஒரு கமிட்டி சொல்லணும். ஃபைல் ஒண்ணு ஆரம்பிச்சிடுங்க."

அன்று சாயங்காலம் சவரிநாதன் மனைவியிடம் சொன்னார்: "கிறிஸ்துமஸ்லேருந்து உன் ரேடியோவுல ஒரு சத்தம் இருக்காது. நான் பொறுப்பு."

"எந்தக் கிறிஸ்துமஸ்?"

"இந்தக் கிறிஸ்துமஸ்தான்."

இருபத்துநாலு வருஷம் டில்லிக்குக் கடிதம் எழுதிய ஒரு குமாஸ்தா இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. வாழ்நாளில் அவர் யோசிக்காமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான்.

விண்ணப்பத்தில் நாற்பத்தொரு கேள்விகள். பதின்மூன்றை ஒரே நாளில் நிரப்பினார். பதினான்காம் கேள்வி: ஐந்து மைல் சுற்றளவில் உள்ள உயரமான கட்டுமானங்கள் எவை? (அ) இருப்பவை. (ஆ) கட்டப்பட்டு வருபவை.

(அ)வில் மலைக்கோட்டையையும் மாதா கோயில் கோபுரத்தையும் எழுதினார். (ஆ)வில் பேனா நின்றது. முந்தின ஞாயிறு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனபோது பார்த்திருந்தார். நூற்றாண்டுக் கணக்காகப் பாதியில் நின்ற ராய கோபுரத்துக்குச் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மொட்டைக் கோபுரம் என்றே ஊரில் பேர் பெற்றது, அந்த வருஷம் பார்த்து எழும்பத் தொடங்கியிருந்தது.

"'இல்லை'ன்னு போடுங்க சவரி" என்றார் வெள்ளைச்சாமி.

"இருக்கே சார்."

"இத்தனை தலைமுறையா முடியாதது இப்ப மட்டும் முடிஞ்சிடுமா? ரெண்டு நிலை எழுப்பிட்டு விட்டுடுவாங்க."

"கடைசிப் பக்கத்துல 'மேற்கண்டவை யாவும் உண்மை'ன்னு போட்டிருக்கு சார்."

"அதையெல்லாம் யாருய்யா படிக்கிறா?"

"நான் படிச்சிட்டேனே சார்."

(ஆ)வுக்கு நேரே எழுதினார்: ஸ்ரீரங்கம் கோபுரம், ஒன்று. வேலை நடக்கிறது.

அந்த ஒரு வரிக்கு விலை எட்டு வருஷம்.

முதல் பதில் ஏழு மாதத்தில் வந்தது. கிறிஸ்துமஸ் போயிருந்தது. டில்லியின் முதல் சந்தேகம் மலைக்கோட்டையைப் பற்றி: மேற்படி கட்டுமானம் முடிக்கப்பட்ட தேதி குறிப்பிடப்படவில்லை. சவரிநாதன் அது மலை, கட்டிடமல்ல என்று எழுதினார். மலையாக இருந்தாலும் தேதி தேவை என்று வந்தது. கல்லூரியில் ஒரு பேராசிரியரைப் பிடித்துக் கேட்டார். அவர் பல கோடி வருஷம் என்றார். சவரிநாதன் அப்படியே எழுதினார். அதற்கு ஆதாரத்தின் நகல் மூன்று பிரதிகள் இணைக்கச் சொல்லி வந்தது. மூன்று தபால் அட்டைகள் வாங்கி, மலை தெரியும் பக்கத்தில் அலுவலக முத்திரை குத்தி அனுப்பினார். டில்லி திருப்தி அடைந்தது.

இதை அவர் வாயால் கேட்க வேண்டும். இனி முடியாது.

இரண்டாவது சந்தேகம் கோபுரம். அதன் உயரம் என்ன? வேலை முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தெரிவிக்கவும். முடிந்த பிறகே விண்ணப்பம் பரிசீலிக்கப்படும்.

அரை நாள் லீவு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு சவரிநாதன் ஸ்ரீரங்கம் போனார். திருப்பணி அலுவலகத்தில் கணக்கர் அழகியமணவாளன் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தார்.

"எந்த டிபார்ட்மென்ட்?"

"ரேடியோங்க. கோபுரம் எத்தனை அடின்னு தெரியணும்."

"எதுக்கு? ஆட்சேபணையா?"

"ஐயையோ, இல்லீங்க. நீங்க எவ்வளவு வேணா கட்டுங்க. எனக்கு அளவுதான் வேணும்."

"நாங்க எவ்வளவு வேணா கட்டலாமாம். ரேடியோக்காரா உத்தரவு கொடுத்துட்டா!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் அழகியமணவாளன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அளவும் கிடைத்தது, இலையில் சுற்றிய புளியோதரையும் கிடைத்தது.

அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை. ஜனவரியில் போகும்போது சகாயம்மாள் சுட்ட அச்சுமுறுக்கு ஒரு தகர டப்பாவில் போகும். "நான் வெளியில பண்ணினது தொடறதில்லை, ஓய். குழந்தைகள் சாப்பிடட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்வார் அழகியமணவாளன். மூன்றாம் வருஷம் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "போன தடவை எள் ஜாஸ்தி இருந்துது, இந்தத் தடவை சரியா இருந்துது" என்றார்.

கோபுரம் ஒரு நிலை எழும்பினால் ஃபைல் ஒரு விரற்கடை தடித்தது. வீட்டில் சகாயம்மாள் கிறிஸ்துமஸ்தோறும் குடில் ஜோடித்துவிட்டுக் கேட்பாள்.

"ஏங்க, எந்தக் கிறிஸ்துமஸ்னு சொன்னீங்க?"

"ஏழாவது நிலை நடக்குது."

"அந்த ஒரு வரிய எழுதாம இருந்திருந்தா இத்தனை கிறிஸ்துமஸ் இழுத்திருக்குமா? யோசேப்பு மரியாளே கழுதையில ஊர் போய்ச் சேர்ந்துட்டாங்க."

போதாததற்கு, சாரத்துக்கு இரும்புக் கவ்விகள் செய்யும் ஆர்டர் ஒரு காண்ட்ராக்டர் மூலம் மருதைக்கு வந்தது. கோபுரம் எழும்ப எழும்பப் பட்டறையில் வேலை கூடியது. வேலை கூடக்கூட அப்பளம் பொரிந்தது. எந்தக் கோபுரத்தால் ஃபைல் நின்றதோ அதே கோபுரம் பக்கத்து வீட்டுக்கே வந்து பொரிகிறது என்று சவரிநாதன் யாரிடம் போய்ச் சொல்வார்? மருதையிடமே சொன்னார்.

"அப்ப சீக்கிரமா முடிச்சுக் குடுத்துடுறேன் சார்" என்ற மருதை ஞாயிற்றுக்கிழமையும் வெல்டிங் வைத்தார்.

1984இல் வந்த கடிதம்தான் உச்சம். மேற்படி கோபுரத்தின் உயரத்தைத் தற்போதைய அளவிலேயே நிறுத்திக்கொள்ள இயலுமா என்று சம்பந்தப்பட்டவரிடம் விசாரித்துத் தெரிவிக்கவும்.

சவரிநாதன் கடிதத்தை இரண்டு நாள் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார். மூன்றாம் நாள் பஸ் ஏறினார். அழகியமணவாளன் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"'சம்பந்தப்பட்டவர்'னு போட்டிருக்கே. அது பெருமாள்தான். நேரா போய்க் கேட்டுட்டு வாரும்."

"நான் உள்ள வரக் கூடாதுங்களே. நான் வேதக்காரன்."

"அதான் உம்மோட பாக்கியம், ஓய். நான் வேலையில இருக்கறவன், இதைப் போய் அவர்ட்ட கேட்டாகணும்." அன்று மாலை கேட்டாரோ இல்லையோ, மறுநாள் பதில் தயார். ஒரே வரி: இயலாது என்று அபிப்பிராயம். கீழே கையெழுத்து. சவரிநாதன் அதையும் மூன்று பிரதி எடுத்து அனுப்பினார். டில்லி அதைப் பற்றி மேற்கொண்டு கேட்கவில்லை.

1987 மார்ச்சில் கும்பாபிஷேகம். காவிரிப் பாலத்தில் நிற்க இடமில்லை. அந்தக் கூட்டத்தில் ஒரு கத்தோலிக்கக் குமாஸ்தா அண்ணாந்து பார்த்துக் கண் கலங்கியதற்கு எல்லோரும் பக்தி என்று வழிவிட்டார்கள். பதிமூன்று நிலை, இருநூற்று முப்பத்தாறு அடி. அதற்கு மேல் ஒரு அங்குலமும் ஏறாது.

ஏப்ரலில் இறுதி அளவு போயிற்று. அக்டோபர் முப்பத்தொன்று அவருக்கு ஓய்வு பெறும் நாள். புதிதாக வருகிற குமாஸ்தாவிடம் இந்த ஃபைலைக் கொடுத்துவிட்டுப் போனால் அவன் அலமாரிக்கு மேலே போட்டுவிடுவான் என்று அவருக்குத் தெரியும். போட்டுவிட்டால் சகாயம்மாளுக்குக் கொடுத்த வார்த்தை அங்கேயே தூசி படிந்து கிடக்கும். மே, ஜூன், ஜூலை. தபால்காரர் கேட்டுக்குள் நுழையும் முன்பே சவரிநாதன் எழுந்து நிற்பார். செப்டம்பரில் தபால்காரரே தூரத்திலிருந்து உதட்டைப் பிதுக்கிக் காட்டிவிட்டு வரத் தொடங்கினார்.

அக்டோபர் முப்பது, வெள்ளிக்கிழமை. வழியனுப்பு விழாவுக்கு மாலையும் லட்டும் வந்திருந்தன. தபால்காரர் ஓடி வந்தார். ஒரு மனிதன் தபாலோடு ஓடுவதைச் சவரிநாதன் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏ.எம். ஒலிபரப்பை எஃப்.எம்.முக்கு மாற்ற அனுமதி வழங்கப்படுகிறது. நிபந்தனை ஒன்று: டவரின் உச்சியில் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். வெள்ளைச்சாமி மாலையை எடுத்து முதலில் ஃபைலுக்குப் போட்டார்.

சவரிநாதன் ஒரு நகலோடு வீட்டுக்கு வந்தார். மகள் அமலராணி ஹாஸ்டலிலிருந்து வந்திருந்தாள். எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம்.

"வந்திடுச்சு" என்றார்.

சகாயம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரேடியோவுக்கு எதிரே உட்கார்ந்தாள். "எங்க திருப்பணும்?"

"இப்பவே வராது. டவர் கட்டணும், மெஷின் வாங்கணும். மூணு நாலு வருஷம் ஆகும். ஆனா வர்ற இடத்தைக் காட்டுறேன்." கடிதத்தில் போட்டிருந்த எண்ணைப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இருபத்தாறு வருஷமாக ஒரே இடத்தில் நின்ற முள்ளை முதன்முதலாக நகர்த்தினார். இடது ஓரம் வரை போனார். வலது ஓரம் வரை வந்தார். பெட்டியைத் திருப்பிப் பின்னாலும் பார்த்தார்.

"அப்பா, இந்தப் பெட்டியில எஃப்.எம். கிடையாதுப்பா."

"எப்பலேருந்து?"

"வாங்கினதுலேருந்து."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "உனக்கு எப்பத் தெரியும்?"

"செகண்ட் இயர்லேருந்து."

"ஏன் சொல்லல?"

அமலராணி கொடியில் கிடந்த அவர் சட்டையைப் பார்த்தாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் ஸ்ரீரங்கம் கிளம்பும்போது அதற்கு இஸ்திரி போட்டது அவள்தான்.

சகாயம்மாள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு அடைக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தாள். பட்டறையிலிருந்து மருதை எட்டிப் பார்த்து, "என்னம்மா, அனுமதி வந்திடுச்சா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை சவரிநாதன் யாரிடமும் சொல்லாமல் மலைக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் போனார். சிங்கப்பூர் சாமான் விற்கும் ஒரு கடையில் எஃப்.எம். இருக்கும் பெட்டி ஒன்று கேட்டார். திருச்சியில எஃப்.எம். வராதே சார் என்றான் கடைக்காரன். "தெரியும். அந்த ஃபைல் என்னுதுதான்" என்றார்.

சனிக்கிழமை, ஏழு மணி, நாடக நேரம். மருதை ஆரம்பித்துவிட்டார். சுவரெல்லாம் நீலமாகப் பளிச்சிட்டது. பழைய பெட்டியில் அப்பளம் பொரிந்தது. சவரிநாதன் அதை அணைத்தார். புதுப் பெட்டியில் கடிதத்தில் இருந்த எண்ணுக்கு முள்ளை நகர்த்தித் திருகைத் திருப்பினார்.

முக்கொம்பில் மதகு திறந்தால் தூரத்தில் கேட்குமே, அப்படி ஒரு சீரான இரைச்சல். வேறொன்றும் இல்லை. சுவரில் வெளிச்சம் மறுபடி பளிச்சிட்டது. இரைச்சல் அப்படியே இருந்தது. ஒரு பொரி இல்லை.

"பாரு" என்றார் சவரிநாதன்.

சகாயம்மாள் காலை நீட்டிக்கொண்டாள். எட்டு மணிவரை இருவரும் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் அவர் எழுந்து அணைத்துவிட்டு, அவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று திரும்பிப் பார்த்தார்.

"நல்லா இருந்திச்சுங்க" என்றாள் சகாயம்மாள். "ஒரு வார்த்தைகூட விட்டுப்போகல."